ஒலி எந்த இடத்தில் நிற்கிறது? வீட்டு ரெக்கார்டிங்கில் சவுண்ட் கார்டு கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்யத் தொடங்கியவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, "சவுண்ட் கார்டு போய்விட்டதா?" என்பதில்தான் வந்து முடியும். பெரும்பாலும் போயிருக்காது. கார்டு பழுதாவது அபூர்வம். அதற்கு முன்னாலும் பின்னாலும் இருப்பவைதான் படுத்தும்: ஒரு கேபிள், அழுத்த மறந்த ஒரு பொத்தான், விண்டோஸுக்குள் எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு டிக் குறி. இது தெரியாமல் கார்டை மாற்றினால் புதுக் கார்டிலும் அதே கோளாறு வரும், பணம் மட்டும் போயிருக்கும்.

சவுண்ட் கார்டு என்று இங்கே நான் சொல்வது யுஎஸ்பியில் மாட்டும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியை. 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தபோது அது கணினியைத் திறந்து உள்ளே சொருக வேண்டிய அட்டை. இப்போது பேச்சுக்கும் படத்துக்கும் தேவையான ஒலிச் சிப் எல்லா லேப்டாப்பின் மதர்போர்டிலும் இருக்கிறது. ரெக்கார்டிங்குக்கு மட்டும் நல்ல மைக் ப்ரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்கும் பகுதி), தனி டிரைவர் (பெட்டியும் கணினியும் பேசிக்கொள்ள உதவும் மென்பொருள்), ஹெட்ஃபோன் வசதி எல்லாம் சேர்ந்த வெளிப்பெட்டியை வாங்குகிறோம்.

ஒலி போகும் பாதை

கோளாறு வந்ததும் எல்லோருடைய கையும் செட்டிங்ஸுக்குத்தான் ஓடும். பத்து இடத்தில் பத்து மாற்றம் செய்வார்கள். அதில் ஏதோ ஒன்று சரிசெய்யும், இன்னொன்று புதிதாகக் கெடுக்கும், எது எதைச் செய்தது என்று கடைசிவரை தெரியாது. அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வி போதும்: ஒலி எதுவரை வந்து சேர்ந்திருக்கிறது?

வாயிலிருந்து காதுவரை பாதை இப்படி இருக்கிறது. மைக் காற்றின் அசைவை மிகச் சிறிய மின்னழுத்தமாக மாற்றுகிறது. கேபிள் அதைப் பெட்டிக்குக் கொண்டுவருகிறது. பெட்டிக்குள் ப்ரீஆம்ப் அதைப் பெருக்குகிறது. அதை எவ்வளவு பெருக்க வேண்டும் என்று சொல்லும் குமிழ்தான் கெயின். பிறகு ஒரு சிப் அந்த மின்னலையை விநாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. எண்கள் யுஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போகின்றன, டிரைவர் வாங்கிக்கொள்கிறது, ரெக்கார்டிங் மென்பொருளிடம் கொடுக்கிறது. திரும்பி வரும் வழி இதையே தலைகீழாக்கியது: மென்பொருள், டிரைவர், யுஎஸ்பி, எண்ணை மறுபடி மின்னலையாக்கும் சிப், கடைசியில் ஹெட்ஃபோன்.

இந்தப் பாதையில் நமக்காகவே இரண்டு சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. முதலாவது பெட்டியின் முகப்பில் எரியும் விளக்கு. பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் கெயின் குமிழுக்கு அருகிலோ அதைச் சுற்றியோ ஒரு விளக்கு உண்டு. ஒலி வந்தால் பச்சை, அளவு மீறினால் சிவப்பு. இரண்டாவது, மென்பொருளில் உங்கள் குரல் பதிவாகும் வரிசையின், அதாவது டிராக்கின், மீட்டர். பாடும்போது பெட்டியில் பச்சை எரிகிறது, டிராக் மீட்டர் அசையவில்லை என்றால் மைக், கேபிள், ப்ரீஆம்ப் மூன்றும் சரி; தேட வேண்டியது கணினிக்குள்ளே. பெட்டியிலேயே பச்சை எரியவில்லை என்றால் கணினியைத் தொடாதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு மீட்டரும் ஆடுகின்றன, காதில்தான் கேட்கவில்லை என்றால் பதிவு நன்றாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது. திரும்பி வரும் வழியில் கோளாறு. அரை நிமிடத்தில் பாதையின் முக்கால் பங்கைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

பெட்டியில் விளக்கே எரியவில்லை

முதல் சந்தேகம் பேண்டம் பவர். கண்டென்சர் மைக் வேலை செய்ய மின்சாரம் வேண்டும். அது எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் மைக் கேபிள் வழியாகவே 48 வோல்ட்டாகப் போகிறது. பெட்டியில் '48வி' என்று எழுதிய பொத்தானை அழுத்தாவிட்டால் கண்டென்சர் மைக் ஊமை. மேடையில் பார்க்கும் டைனமிக் மைக்குக்கு இது தேவையில்லை, போட்டாலும் சரியான கேபிளில் கெடுதல் இல்லை. பழைய ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம். அதற்குப் பேண்டம் பவர் ஆபத்தாகலாம். பொத்தானை அழுத்தும் முன் ஹெட்ஃபோன் ஒலியைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காதுக்குள் 'டப்' என்று ஒரு அறை விழும்.

அடுத்தது, மைக்கா, லைனா, இன்ஸ்ட்ருமென்ட்டா என்று கேட்கும் சுவிட்ச். எலெக்ட்ரிக் கிதாரையோ, பிக்கப் வைத்த வீணையையோ நேரடியாக மாட்டினால் இன்ஸ்ட்ருமென்ட் நிலையில் இருக்க வேண்டும். கீபோர்டு லைன். கீபோர்டை இன்ஸ்ட்ருமென்ட் நிலையில் மாட்டினால் ஒலி கிழியும். கிதாரை லைனில் மாட்டினால் சத்தும் மினுக்கும் போய் மந்தமாகக் கேட்கும்.

கேபிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேறொன்றை மாட்டிப் பாருங்கள். வீட்டில் ஒரே ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிள் வைத்துக்கொண்டு ஸ்டுடியோ நடத்துவது சரியில்லை, இரண்டாவதை வாங்கிவிடுங்கள். யுஎஸ்பி கேபிளிலும் ஒரு வஞ்சனை உண்டு: சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்கள் சந்தையில் ஏராளம். அதில் மாட்டினால் பெட்டிக்கு மின்சாரம் போகும், விளக்கு எரியும், கணினிக்கு மட்டும் அப்படியொரு பெட்டி இருப்பதே தெரியாது. பெட்டியோடு வந்த கேபிளை மொபைல் சார்ஜருக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

யுஎஸ்பி ஹப்பிலும் மாட்ட வேண்டாம். பழைய யுஎஸ்பி 2.0 துளை தருவது அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர். அதை மவுஸ், கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் பங்குபோட்டால் பேண்டம் பவருக்கு மிச்சமிருக்காது. நேராகக் கணினியின் துளையில் மாட்டிச் சோதித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பெட்டிக்கு வருகிறது, மென்பொருளுக்கு வரவில்லை

2018 முதல் விண்டோஸும் மேக்கும் மைக்கை எந்த மென்பொருள் தொடலாம் என்பதற்கு அனுமதி கேட்கத் தொடங்கின. மேக்கில் முதன்முறை வரும் கேள்விக்கு அவசரத்தில் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் மென்பொருள் குறைகூறாமல் மௌனத்தைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். விண்டோஸில் பிரைவசி செட்டிங்ஸுக்குள் மைக்ரோஃபோன் என்ற பக்கத்தில், டெஸ்க்டாப் மென்பொருள்களுக்கு அனுமதி என்ற வரி திறந்திருக்க வேண்டும்.

அடுத்து, மென்பொருள் எந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்; அறுபது நாள் சோதனைக் காலம் தருவதால் பலர் அதில்தான் தொடங்குகிறார்கள். பிரெஃபரன்சஸில் ஆடியோவின் கீழ் டிவைஸ் பக்கத்தைத் திறந்தால் 'ஆடியோ சிஸ்டம்' என்று ஒரு பட்டியல் வரும். அதில் உங்கள் பெட்டியின் ஏசியோ டிரைவர் தேர்வாகியிருக்க வேண்டும். வேறு ஏதோ இருந்தால் மென்பொருள் லேப்டாப்பின் உள்மைக்கையே கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மைக்கின் வலையை விரலால் மெல்லச் சுரண்டிவிட்டு லேப்டாப் மூடியையும் சுரண்டிப் பாருங்கள். மூடியைச் சுரண்டும்போது மீட்டர் துள்ளினால் விடை கிடைத்துவிட்டது.

ஏசியோ என்பது ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1990-களில் உருவாக்கிய வழிமுறை. விண்டோஸில் சாதாரணமாக எல்லா மென்பொருள்களின் ஒலியும் ஒரு பொதுக் கலவைக் கூடத்துக்குள் போய்த்தான் வெளியே வரும். அதனால் நேரம் பிடிக்கும், நடுவில் சாம்பிள் ரேட்டும் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளப்பது என்ற எண்) மாறலாம். ஏசியோ அந்தக் கூடத்தைச் சுற்றிக்கொண்டு நேராகப் பெட்டியிடம் போகிறது. மேக்கின் சொந்த ஒலி ஏற்பாடான கோர் ஆடியோ ஆரம்பத்திலிருந்தே நன்றாக இருப்பதால் இந்தப் பிரச்சினை இல்லை. பெட்டிக்குச் சொந்த ஏசியோ டிரைவர் உண்டா என்று வாங்கும் முன்பே பாருங்கள். இல்லாவிட்டால் ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவரைப் போட்டு ஒப்பேற்றலாம். அது நல்ல ஒட்டுப்போடல், அவ்வளவுதான்.

சில ஏசியோ டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் இடம் கொடுக்கும். பிரவுசரில் கரோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது ரீப்பரைத் திறந்தால், மேல் மூலையில் 'ஆடியோ டிவைஸ் குளோஸ்ட்' என்று வரலாம். பிரவுசரை மூடிவிட்டு மறுபடி திறங்கள். அந்த மூலை பயனுள்ள இடம். கருவி திறந்திருக்கும்போது சாம்பிள் ரேட், பஃபர் அளவு, தாமதம் எல்லாம் அங்கேயே எழுதியிருக்கும்.

ஒரு காதில் மட்டும், அல்லது மொபைலில் மட்டும் காணோம்

முதல் துளையில் மாட்டிய மைக் இடது காதில் மட்டும் கேட்டால் எதுவும் கெடவில்லை. அந்த டிராக்கின் இன்புட்டை ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்கு மாற்றுங்கள், நடுவுக்கு வந்துவிடும்.

இன்னொன்று விசித்திரமானது, நிறையப் பேரை ஏமாற்றுவது. ஹெட்ஃபோனில் கேட்டால் குரல் இருக்கிறது, கொஞ்சம் தலைக்குள் பரவிய மாதிரி. வாட்சப்பில் அனுப்பி மொபைல் ஸ்பீக்கரில் கேட்டால் குரலே இல்லை. மலிவான கண்டென்சர் மைக்குகள் சிலவற்றோடு ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறுமுனை 3.5 மில்லிமீட்டர் பின் கொண்ட கேபிள் வரும். எக்ஸ்எல்ஆரில் ஒரே குரல் இரண்டு கம்பிகளில் நேராகவும் தலைகீழாகவும் பயணம் செய்கிறது. வழியில் சேரும் இரைச்சலைக் கழிப்பதற்கான ஏற்பாடு அது. அந்த இரண்டு கம்பிகளும் ஸ்டீரியோத் துளையின் இடது, வலதாக நுழைந்தால் இடது காதில் நேர்க்குரல், வலது காதில் தலைகீழ்க்குரல். ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று உள்ள மொபைல் இரண்டையும் கூட்டுகிறது. கூட்டினால் பூஜ்யம். ஏற்கெனவே பதிவாகிவிட்ட பாட்டைத் தூக்கிப்போட வேண்டாம். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து மோனோவாக்கினால் குரல் முழுதாகத் திரும்பிவிடும். இனிமேல் பதிவு செய்ய அந்தக் கேபிளை ஒதுக்கிவைத்துவிட்டு எக்ஸ்எல்ஆர் துளையுள்ள பெட்டியைப் பயன்படுத்துங்கள்.

லேப்டாப்பின் சொந்த ஒலிச் சிப்பில் பதிவு செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விண்டோஸின் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' பகுதியில் இரைச்சல் நீக்கம் ஓடிக்கொண்டிருக்கலாம். மாறாமல் தொடர்ந்து வரும் ஒலியை அது மின்விசிறி என்று நினைத்துக்கொள்ளும். தம்புராவும் சுருதிப் பெட்டியும் மாறாமல் தொடர்ந்து வருபவைதான். பாடகர் வாயைத் திறந்ததும் தம்புரா எட்டிப் பார்க்கும், நிறுத்தினால் கரைந்து போகும். அந்த வசதியை அணைத்துவிட்டால் சரியாகிவிடும். விண்டோஸிலேயே இன்னொரு வினோதம்: அழைப்புப் பேச்சு நடப்பதாகத் தெரிந்தால் மற்ற ஒலிகளை விண்டோஸ் தானாகவே 80 சதவீதம் குறைக்கும். பழைய சவுண்ட் பேனலில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்ற தாவலில் 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றி வையுங்கள்.

தாமதமும் வெடிப்பும்

வீட்டு ரெக்கார்டிங்கில் அதிகம் புலம்ப வைப்பது இதுதான். பாடினால் நம் குரல் ஒரு கணம் கழித்துக் காதில் விழுகிறது. அதைச் சரிசெய்யப் போனால் 'கர்ர்', 'டிக் டிக்' என்று ஒலி வெடிக்கிறது. இரண்டும் ஒரே குமிழின் இரண்டு முனைகள். அதன் பெயர் பஃபர்.

குழாயில் தண்ணீர் வருகிறது, இரண்டு குடங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்று குழாயடியில் நிரம்பும்போது மற்றதிலிருந்து மொண்டு வேலை நடக்கிறது; நிரம்பியதும் இடம் மாற்றுகிறோம். குடம் பெரிதென்றால் அடிக்கடி ஓட வேண்டாம், ஆனால் முதல் சொட்டு வீட்டுக்குள் வர நேரமாகும். சொம்பாக இருந்தால் தண்ணீர் உடனே வந்துவிடும், ஆனால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முறை தாமதித்தாலும் வழிந்துவிடும். கணினி ஒலியை இப்படித்தான் தொகுதி தொகுதியாக எடுத்துக்கொள்கிறது. தொகுதியில் எத்தனை சாம்பிள், அதாவது எத்தனை அளவீடு, என்பதுதான் பஃபர் அளவு. வழிந்து போகும் இடம்தான் காதில் 'டிக்'.

கணக்கும் எளிது. பஃபர் அளவை சாம்பிள் ரேட்டால் வகுத்தால் தாமதம். விநாடிக்கு 48,000 என்றால் 256 சாம்பிள் பஃபர் 5.3 மில்லி விநாடி. 1024 என்றால் 21.3. இது ஒரு வழிக்கு. உள்ளே வந்து திரும்ப வெளியே போக இரண்டு மடங்கு, அதோடு சிப்புகளும் யுஎஸ்பியும் எடுத்துக்கொள்ளும் கொஞ்சம். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. ஆகவே 10 மில்லி விநாடித் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து கேட்பதற்குச் சமம். கீபோர்டு வாசிப்பவர் இதைப் பொறுத்துக்கொள்வார். ஹெட்ஃபோனில் தன் குரலைத் தானே கேட்டுப் பாடுபவருக்கு இந்த அளவிலேயே உறுத்தத் தொடங்கலாம். மிருதங்கமோ கஞ்சிராவோ வாசிப்பவர் இன்னும் முன்னதாகவே முகத்தைச் சுளிப்பார்.

எனவே பதிவு செய்யும்போது பஃபர் 64 அல்லது 128, மிக்ஸிங் செய்யும்போது 512 அல்லது 1024. பாடி முடித்த பிறகு தாமதத்தைப் பற்றிக் கவலைப்பட யாரும் இல்லை. கணினிக்கு மூச்சுவிட இடம் கொடுப்பதுதான் முக்கியம். ஒரே அளவை வைத்துக்கொண்டு இரண்டையும் செய்ய முயல்வதில்தான் பாதிப் பிரச்சினை.

பஃபரைக் குறைத்தும் குரல் தாமதமாகவே வந்தால் எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கைப் பாருங்கள். அதில் போட்டிருக்கும் சில லிமிட்டர்களும் (ஒலி அளவு மீறாமல் தடுப்பவை) சில வகை ஈக்வலைசர்களும் வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு வேலை செய்பவை. முன்கூட்டிப் பார்க்க வேண்டும் என்றால் ஒலியை நிறுத்தி வைத்தாக வேண்டும். அவற்றை அணைத்துவிட்டுப் பாடுங்கள்.

இன்னும் எளிய வழி பெட்டியிலேயே இருக்கிறது: டைரக்ட் மானிட்டர் என்ற பொத்தான். அது மைக் ஒலியைக் கணினிக்கு அனுப்பும்போதே ஒரு பங்கை நேராக ஹெட்ஃபோனுக்குத் திருப்பிவிடும். கணினியைச் சுற்றி வராததால் தாமதம் உணரவே முடியாது. இதைப் போட்டால் மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை (பாடுவதை மென்பொருள் வழியாகத் திருப்பிக் கேட்கும் வசதியை) அணைக்க வேண்டும். மறந்தால் குரல் இரண்டு முறை கேட்கும், கிணற்றுக்குள் பாடுவது போல. 'எக்கோ வருகிறது, கார்டை மாற்றலாமா' என்று கேட்பவர்களில் பலருக்கு இந்த இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும்.

புளூடூத் ஹெட்ஃபோனைக் கழற்றி வையுங்கள். அதன் தாமதம் நூறு மில்லி விநாடிக்கு மேல் போவது சாதாரணம். எந்தப் பஃபர் மாற்றமும் அதைக் காப்பாற்றாது. வயர் வைத்த சாதாரண ஹெட்ஃபோனே போதும்.

இனி வெடிப்பு. 'சிபியு இருபது சதவீதம்தான் ஓடுகிறது, பிறகு ஏன் டிக் டிக் வருகிறது?' நியாயமான கேள்வி. அந்த இருபது சதவீதம் சராசரி. ஒலிக்குச் சராசரி போதாது, கெடு உண்டு. 256 சாம்பிள் பஃபரில் ஒவ்வொரு 5.3 மில்லி விநாடிக்கும் ஒரு தொகுதி தயாராக வேண்டும். மற்ற நேரமெல்லாம் கணினி சும்மா இருந்தாலும், யாரோ ஒருவர் ஒரே ஒருமுறை ஏழு மில்லி விநாடி வழியை அடைத்தால் ஒரு வெடிப்பு கேட்கும். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் வேறொரு கருவியின் டிரைவர். வைஃபை அதில் பேர்போனது. கிராஃபிக்ஸ் கார்டு டிரைவரும், பேட்டரியை நிர்வகிக்கும் பகுதியும் அடுத்த வரிசை.

கண்டுபிடிக்க லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருள் உண்டு. சில நிமிடங்கள் ஓடவிட்டால் எந்த டிரைவர் எவ்வளவு நேரம் அடைத்தது என்று பெயர் சொல்லிக் காட்டும். அதற்கும் முன் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். வைஃபையை அணைத்துப் பாருங்கள். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். லேப்டாப் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சிப்பின் வேகத்தைக் குறைத்துக் கூட்டுவதே வெடிப்புக்குக் காரணமாகலாம். அதே பவர் பிளானின் உள்பக்கத்தில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்ற வரி இருக்கும், அதை அணையுங்கள். சும்மா இருப்பதாகத் தோன்றும் யுஎஸ்பி கருவியைத் தூங்க வைக்கும் ஏற்பாடு அது. ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் பாடிப் பாருங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும்.

சுருதி ஏறிப்போன பாட்டு

ஒரு கட்டையில் பாடியது திரும்பக் கேட்டால் ஒன்றரைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவில் நிற்கிறது, நான்கு நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் முடிகிறது. மென்பொருளில் 44,100 என்று பதிவானதைப் பெட்டி 48,000 வேகத்தில் வாசிக்கிறது, அவ்வளவுதான். சுருதி இறங்கி மந்தமாகக் கேட்டால் இதன் மறுதலை. பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகத்திலும் மென்பொருளின் புராஜெக்ட் செட்டிங்ஸிலும் ஒரே எண் இருக்க வேண்டும். வீடியோவுக்கும் பயன்படும் என்றால் 48,000, பாட்டு மட்டும் என்றால் 44,100. 192,000-க்குப் போவதில் வீட்டில் ஒரு லாபமும் இல்லை. கணினிக்கு நான்கு மடங்கு வேலை, வன்தட்டில் நான்கு மடங்கு இடம்.

யுஎஸ்பி மைக்கையும் இன்டர்ஃபேஸையும் ஒன்றாக இணைத்துப் பயன்படுத்துபவர்களுக்கு வேறு மாதிரித் தொல்லை. ஒவ்வொரு கருவிக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் இருக்கிறது, இரண்டும் துல்லியமாக ஒன்றாக ஓடா. லட்சத்துக்கு ஐந்து பங்கு வித்தியாசம் என்றாலே நிமிடத்துக்கு மூன்று மில்லி விநாடி விலகும், ஒரு மணி நேரக் கச்சேரியில் 180. மேக்கில் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும்போது 'டிரிஃப்ட் கரெக்‌ஷன்' என்ற கட்டத்தில் டிக் போடலாம். முடிந்தவரை ஒரே பெட்டியில் எல்லா மைக்கையும் மாட்டுவது நல்லது.

இரைச்சல்

இரைச்சலைச் சரிசெய்யும் முன் அது எந்த வகை என்று காதால் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பிறப்பிடம்.

'உஸ்ஸ்' என்று காற்றுப் போல வந்தால் கெயின் அதிகம். சில டைனமிக் மைக்குகளுக்கு 60 டெசிபெல் வரை பெருக்கம் வேண்டும்; விலை குறைந்த பெட்டிகளில் குமிழை முழுதாகத் திருப்பினால் ப்ரீஆம்பின் சொந்தச் சீறலும் சேர்ந்து ஏறும். மைக்குக்குப் பாதித் தூரம் நெருங்கினால் குரல் 6 டெசிபெல் கூடும், அதே அளவு கெயினைக் குறைத்துக்கொள்ளலாம். செலவில்லாத வைத்தியம். 24 பிட்டில் பதிவு செய்யும்போது மீட்டர் உச்சியைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை. உரத்த இடங்கள் மைனஸ் 12 டெசிபெல் அருகே நின்றால் போதும், மிச்சத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

'ம்ம்ம்' என்ற தாழ்ந்த ரீங்காரம் மின்சாரத்திலிருந்து வருவது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. அந்த 50-உம் அதன் மடங்குகளான 100, 150-உம் ஒலியில் கலக்கின்றன. முதல் சோதனை: லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்குங்கள். ரீங்காரம் உடனே நின்றால் குற்றம் சார்ஜரிலோ எர்த்திலோ. இரண்டு பின் சார்ஜர் மாட்டிய உலோக லேப்டாப்பைத் தொட்டால் விரலில் லேசாகச் 'சுர்' என்று உணர்ந்திருப்பீர்கள். அந்தக் கசிவுதான் ஒலிக்குள்ளும் நுழைகிறது. மூன்று பின் சார்ஜர், ஒழுங்கான எர்த் உள்ள பிளக் பாயின்ட், லேப்டாப்பும் ஸ்பீக்கரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருப்பது, ஸ்பீக்கருக்கு பேலன்ஸ்டு கேபிள் (எக்ஸ்எல்ஆர் போல இரண்டு கம்பியில் இரைச்சலைக் கழிப்பது): இந்த வரிசையில் முயலுங்கள். பல பழைய வீடுகளில் மூன்றாவது துளை இருக்கும், அதற்குப் பின்னால் எர்த் கம்பி இருக்காது. எலெக்ட்ரீஷியனை அழைத்து ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. ரீங்காரத்தை நிறுத்த எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. ஒருபோதும் செய்யாதீர்கள். அது உயிரைக் காக்க வைத்த பின்.

மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் 'ர்ர்ர்' என்று கூர்மையாக வந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். ஃபேன் ரெகுலேட்டரும் மங்கலாக்கும் விளக்குச் சுவிட்சும் இதே குடும்பம். கிதார் பிக்கப்புகள் இவற்றை ஆவலோடு பிடித்துக்கொள்ளும். லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டி, ஃபேனை நிறுத்திப் பதிவு செய்வதைத் தவிர உடனடி வழி இல்லை. நமது வெயிலுக்கு இது கடினமான யோசனை என்று தெரியும்.

'கீஈஈ' என்ற மெல்லிய உயர்ந்த ஒலி, அதுவும் மவுஸை அசைத்தால் மாறுவது, யுஎஸ்பியின் சொந்த இரைச்சல். யுஎஸ்பி விநாடிக்கு ஆயிரம் முறை தன் தகவல் தொகுப்புகளை அனுப்புகிறது, வேக வகையில் எட்டாயிரம் முறை. அந்தத் துடிப்பு மின்சாரக் கம்பி வழியாகப் பெட்டிக்குள் கசிந்தால் 1 அல்லது 8 கிலோஹெர்ட்ஸ் விசிலாகக் கேட்கும். வேறு யுஎஸ்பி துளை, தனி அடாப்டரில் ஓடும் பெட்டி, இரண்டில் ஒன்று பெரும்பாலும் தீர்க்கும். 'டிட் டிட் டிட்' என்று துடித்தால் பக்கத்திலிருக்கும் மொபைல். வேறு அறைக்கு அனுப்புங்கள்.

உண்மையிலேயே கார்டுதானா?

இவ்வளவுக்குப் பிறகும் தீரவில்லை என்றால் பெட்டியையும் அதன் கேபிளையும் மட்டும் எடுத்துக்கொண்டு நண்பரின் கணினியில் மாட்டுங்கள். அங்கே நன்றாக ஓடினால் உங்கள் கணினிதான் காரணம். பழைய டிரைவரை முழுதாக நீக்கிவிட்டு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிப் புதிதாகப் போடுங்கள். அங்கேயும் அதே கோளாறு என்றால் இன்னொரு சோதனை: பெட்டியின் பின்புற அவுட்புட்டிலிருந்து அதன் லைன் இன்புட்டுக்கு ஒரு கேபிளை மாட்டி, அந்த டிராக்கின் மானிட்டரிங்கையும் டைரக்ட் மானிட்டரையும் அணைத்துவிட்டு, மென்பொருளில் ஒரு பாட்டை ஓட்டி அதையே பதிவு செய்யுங்கள். மைக்கோ ப்ரீஆம்போ இல்லாமல் இரண்டு சிப்புகளும் சரியாக இருக்கின்றனவா என்று இது காட்டும். இந்தப் பதிவு சுத்தமாக வந்து மைக் பதிவு மட்டும் கெட்டிருந்தால் ப்ரீஆம்ப் அல்லது எக்ஸ்எல்ஆர் துளை. இரண்டாம் சேனலில் அதே மைக்கை மாட்டினால் உறுதியாகிவிடும்.

பெட்டிகளில் சீக்கிரம் ஆடத் தொடங்கும் உறுப்பு சிப் அல்ல, யுஎஸ்பி துளை. கேபிளை லேசாக அசைத்தால் கருவி காணாமல் போய் மறுபடி வருகிறதா என்று பாருங்கள். வாரன்டி முடிந்திருந்தால் நல்ல மொபைல் சர்வீஸ் கடையில்கூட அதை மாற்றி சால்டர் வைத்துத் தருவார்கள். வாரன்டி இருக்கிறது என்றால் திறக்காமல் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். எந்தக் கணினிகளில், எந்தக் கேபிளில், எந்த சாம்பிள் ரேட்டில் சோதித்தீர்கள், விளக்கு எரிந்ததா என்பதை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.